சண்டியனைப் பார்த்துச் சிரிக்கிறது

போன மாதம் எங்கட வட்டத்தில் புத்தகத்துக்குப் பதிலாகப் படம் ஒன்று போடுவம் எண்டு முடிவெடுத்தோம். சுவரில் வெள்ளைத் துணி, இரவல் வாங்கின புரொஜெக்டர், பிளேன்ரீ, இருபது பேர் அளவில் ஆக்கள். படம் கார்த்திக் சுப்பராஜின் 'ஜிகர்தண்டா' (2014). எங்களில் பலர் ஏற்கெனவே பார்த்த படம்தான். ஆனால் தனிய ஃபோனில் பார்க்கிறதும், பத்துப் பேரோடு சேர்ந்து இருந்து பார்க்கிறதும் ஒன்றில்லை.

படத்தில் ஒரு இடம் வரும். மதுரையில் பேர்பெற்ற ரவுடி அசால்ட் சேது. தன்னைப் பற்றி எழுதின பத்திரிகையாளரை எரித்துக் கொன்றவன். அவனைப் பற்றிப் படம் எடுக்க வந்த இளைஞன் அவனிடமே மாட்டுப்படுகிறான். கடைசியில் சேது தானே கதாநாயகனாக நடிக்க வெளிக்கிடுகிறான். இயக்குனர் அவனுக்குத் தெரியாமல் அதை ஒரு கொமடிப் படமாக எடுத்து முடிக்கிறான். முதல் நாள் தியேட்டரில் சேது இருக்க, சுற்றி இருந்த சனம் எல்லாம் அவனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறது. எழுதினவனை எரிக்கத் தெரிந்தவனுக்கு, சிரிக்கிற முந்நூறு பேரை என்ன செய்யிறது எண்டு தெரியவில்லை.

எங்கட அறையும் சேர்ந்து சிரித்தது. ஒரு தோழி மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு வருசத்துக்கு முதல் ஒரு இரவில், அவளின் ஒழுங்கைக்குள் முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள், பக்கத்து வீட்டு கேற்றையும் யன்னலையும் வாளால் கொத்திவிட்டுப் போனவர்கள். தகரத்தில் வாள் விழுகிற சத்தம் இப்பவும் காதுக்குள் இருக்கு என்றாள். படம் முடிய அவள் கேட்டது இதுதான்: "நல்ல படம்தான். ஆனா நாங்கள் உண்மையில ஆரைப் பாத்துச் சிரிச்சனாங்கள்?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. அதைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கேள்விக்குத் தொண்ணூறு வருச வரலாறு இருக்கிறது எண்டு விளங்கியது.

சிக்காகோவில் தொடங்கிய பயம்

அமெரிக்காவில் 1920இலிருந்து 1933 வரை மதுவிலக்கு. கள்ளச் சாராயம் கடத்தினவர்கள் பணக்காரர் ஆனார்கள். அல் கபோனின் பெயர் பத்திரிகைகளில் நாளாந்தம் அடிபட்டது. அந்தக் காலத்திலேயே ஹொலிவூட் மூன்று முக்கியமான கேங்ஸ்டர் படங்களைத் தந்தது: 'லிட்டில் சீசர்' (1931), 'தி பப்ளிக் எனிமி' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932).

மூன்றிலும் கதாநாயகன் கடைசியில் சாகிறான். குற்றத்துக்குத் தண்டனை கிடைக்கிறது. என்றாலும் தணிக்கைக்காரர் பயந்தார்கள். சனம் கடைசி ஐந்து நிமிசத்தையா ஞாபகம் வைத்திருக்கும், அல்லது அதற்கு முந்தின ஒன்றரை மணித்தியாலத்தையா என்பதுதான் அவர்களின் கேள்வி. 'தி பப்ளிக் எனிமி'யின் தொடக்கத்தில், நாங்கள் ரவுடியைப் புகழவில்லை, ஒரு சூழலைத்தான் காட்டுகிறோம் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வைத்தார்கள். ஹவார்ட் ஹோக்ஸ் இயக்கிய 'ஸ்கார்ஃபேஸ்' இன்னும் அதிகமாக அடிபட்டது. 'ஒரு தேசத்தின் அவமானம்' என்று உபதலைப்புச் சேர்க்க வேண்டி வந்தது. ரவுடிகளுக்கு எதிராக நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பிரசைகளைப் பார்த்துக் கேட்கிற காட்சி ஒன்றை, ஹோக்ஸ் இல்லாமலே எடுத்துச் சொருகினார்கள். கதாநாயகன் தூக்கில் தொங்குகிற வேறொரு முடிவும் எடுக்கப்பட்டது.

எங்களுக்குப் புதினமாக இருந்தது வேறொரு விசயம். அந்தப் பயங்கரமான படத்துக்குள்ளேயே பகிடி இருக்கிறது. கதாநாயகன் ரொனிக்கு ஒரு 'செயலாளர்' இருக்கிறான். எழுத வாசிக்கத் தெரியாது. டெலிஃபோனில் கதைக்கிறவரின் பெயரைக்கூட ஒழுங்காகக் கேட்டுச் சொல்ல ஏலாது. கோபம் வந்து டெலிஃபோனையே சுடப் பார்க்கிறான். உணவகத்துக்குள் துவக்குச் சூடு நடந்துகொண்டிருக்க, அவன் அப்பவும் ரிசீவரோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறான். அதாவது கேங்ஸ்டர் படம் வளர்ந்த பிறகு நையாண்டி வந்து சேரவில்லை. தொடக்கத்திலேயே கூடப் பிறந்திருக்கிறது.

அதே காலத்தில், சினிமா சிறுவர்களை என்ன செய்கிறது என்று அறிய பேய்ன் ஃபண்ட் என்ற அமைப்பின் காசில் பெரிய ஆய்வுத் தொடர் ஒன்று நடந்தது. அதில் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமரும் பிலிப் ஹவுசரும் 1933இல் வெளியிட்ட நூல் சினிமாவையும் குற்றத்தையும் பற்றியது. சிறையில் இருந்தவர்களிடமும் பெடியளிடமும் கேட்டு எழுதினது. படத்தைப் பார்த்துச் சில வித்தைகளைப் பழகினதாகச் சிலர் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் அதோடு நிற்கவில்லை. வீடு, பள்ளிக்கூடம், அயல் எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கேதான் சினிமாவின் பிடி கூட என்று சொன்னார்கள்.

அந்தக் கடைசிப் பகுதியை ஆர் கேட்டது? 1930இல் எழுதப்பட்ட தயாரிப்பு ஒழுக்கக்கோவையை 1934இலிருந்து இறுக்கமாக நடைமுறைப்படுத்தினார்கள். படங்களைத் திருத்தினால் காணும், அயலைத் திருத்தத் தேவையில்லை எண்டு ஆகிவிட்டது. இது எங்களுக்கும் பழக்கமான கதைதான். கீழே வருவோம்.

பயம் போன பிறகு வந்த சிரிப்பு

1933 டிசம்பரில் மதுவிலக்கு நீங்கியது. கள்ளச் சாராய ராசாக்களின் தொழில் படுத்தது. 1938இல் 'எ ஸ்லைட் கேஸ் ஒஃப் மேர்டர்' என்று ஒரு படம் வந்தது. நடித்தவர் 'லிட்டில் சீசர்' ஆக நடித்துப் பெயர் வாங்கிய அதே எட்வேர்ட் ஜி. ரொபின்சன். மதுவிலக்குக் காலத்தில் கள்ள பியர் விற்றுப் பணக்காரன் ஆன ஒருத்தன், இப்ப சட்டப்படி வியாபாரம் செய்ய வெளிக்கிடுகிறான். பிரச்சினை என்னவென்றால் அவனுடைய பியர் வாயில் வைக்க ஏலாது. சட்டவிரோதமாக இருந்தபோது வேறு வழியில்லாமல் குடித்தவர்கள், இப்ப ஏன் குடிக்கப் போகிறார்கள்? அவனிடம் உண்மையைச் சொல்ல ஒருத்தருக்கும் துணிவில்லை.

1959இல் பில்லி வைல்டரின் 'சம் லைக் இட் ஹொட்' வந்தது. 1929இல் சிக்காகோவில் உண்மையாக நடந்த வலன்ரைன் தினப் படுகொலையை ஒத்த ஒரு சம்பவத்தில்தான் அந்தக் கொமடி தொடங்குகிறது. 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் நாணயத்தைச் சுண்டிக்கொண்டு நின்று புகழ்பெற்ற ஜோர்ஜ் ராஃப்ட் இதில் ரவுடித் தலைவன். இன்னொருத்தன் நாணயம் சுண்டுகிறதைக் கண்டு எரிச்சல்படுகிறான். தான் உருவாக்கின பாவனையைத் தானே பகிடி பண்ணுகிறார்.

முப்பது வருசத்தில் ஒரு படுகொலை கொமடிப் படத்தின் தொடக்கக் காட்சியாக மாறிவிட்டது. அந்தச் சனத்துக்கு அந்த ரவுடி இனி வாசலில் வந்து நிற்க மாட்டான். ஆகவே சிரிக்கலாம். எங்கட தோழிக்கு இரண்டு வருசம்தான் ஆகிறது. அவளின் சிரிப்பு வராததற்கு முதல் காரணம் இதுவாக இருக்கலாம் என்று யோசித்தோம்.

ஆனால் எல்லாரும் பயம் போகும்வரை காத்திருக்கவில்லை. ஜேர்மன் நாடகாசிரியர் பெர்தோல்ட் பிரெஹ்ட், நாட்டை விட்டு ஓடி ஃபின்லாந்தில் இருந்தபோது, 1941இல் ஹிட்லரை ஒரு சிக்காகோக் கேங்ஸ்டராக வைத்து 'ஆர்ட்டூரோ ஊயி' நாடகத்தை எழுதினார். பூக்கோவா வியாபாரத்தைப் பிடிக்க அலைகிற ஒரு கீழ்த்தர ரவுடி. அவன் மேலே வருகிறது அவனுடைய கெட்டித்தனத்தால் இல்லை, அவனைப் பாவிக்கலாம் என்று நினைத்த வியாபாரிகளும் கண்ணை மூடிக்கொண்ட பெரியவர்களும் விட்ட வழியால். பெரிய குற்றவாளிகளுக்குச் சனம் கொடுக்கிற பயம் கலந்த மரியாதையைச் சிரிப்பால் உடைக்கவேணும் என்பது பிரெஹ்ட்டின் நிலைப்பாடு. அதற்கு முந்தின வருசம்தான் சாப்ளின் 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார். அதே சாப்ளின் 1964இல் தன்னுடைய சுயசரிதையில், வதைமுகாம்களின் உண்மையான கொடூரம் அப்ப தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க ஏலாது என்று எழுதினார்.

இரண்டு பேரும் ஒரே கொடுங்கோலனைப் பார்த்துத்தான் சிரித்தவர்கள். ஒருவர் சிரிக்கத்தான் வேணும் என்கிறார், மற்றவர் எனக்கு அது முடிந்திருக்காது என்கிறார். எங்கட அறையில் நடந்த விவாதமும் கிட்டத்தட்ட இதுதான்.

தாதாவிலிருந்து கைப்புள்ளைக்கு

தமிழ்ச் சினிமாவில் ரவுடி கன காலம் தகப்பனாக இருந்தான். மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) பம்பாயின் வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து தூண்டுதல் பெற்றது. வேலு நாயக்கர் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியைப் படம் கேட்டாலும், சேரிச் சனத்துக்கு அவர்தான் அரசாங்கம். 'தளபதி' (1991), 'பாட்ஷா' (1995) எல்லாவற்றிலும் இதே அச்சு. சட்டம் கைவிட்ட ஏழைக்கு ஒரு பெரிய மனிசன் வருவான். கையில் இரத்தம் இருந்தாலும் அவனுக்கு மனசு சுத்தம். எங்கட அப்பாமாரும் மாமாமாரும் இந்தப் படங்களை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டுப் பாருங்கோ, குரலே மாறும்.

இந்தத் தகப்பனை முதலில் கவிழ்த்தது வடிவேலு என்று நாங்கள் நினைக்கிறோம். பெரிய இயக்குனர்களின் பெயரைச் சொல்லுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'வின்னர்' (2003) படத்தின் கைப்புள்ள 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' வைத்து நடத்துகிறான், அடி வாங்குகிறதுதான் அவனுடைய முழுநேரத் தொழில். 'தலைநகரம்' (2006) படத்தின் நாய் சேகர் இன்னும் ஒரு படி மேல். ரவுடிகளைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போகிறது. தன்னைப் பிடிக்கவில்லையே என்று அவனுக்குக் கவலை. நானும் ரவுடிதான் என்று சொல்லிக்கொண்டு தானாகவே ஜீப்பில் ஏறப் பார்க்கிறான். அந்த வசனம் 2015இல் விக்னேஷ் சிவனின் படத்துக்குத் தலைப்பாகவும் ஆனது.

நாய் சேகரில் நாங்கள் சிரிக்கிறது ரவுடியைப் பார்த்து இல்லை. ரவுடி ஆகவேணும், நாலு பேர் பயப்பிடவேணும் என்ற ஆசையைப் பார்த்து. அந்த ஆசை எங்களிடமும் கொஞ்சம் இருக்கிறபடியால்தான் அந்தப் பகிடி இவ்வளவு காலம் மீமாக ஓடுகிறது.

அதே 2006இல் செல்வராகவனின் 'புதுப்பேட்டை' வந்தது. கொக்கி குமார் பசியால் ரவுடி ஆகி, கடைசியில் அரசியலுக்குள் போய்ச் சேருகிறான். வந்த நேரத்தில் பெரிதாக ஓடாத படம், பிறகுதான் கொண்டாடப்பட்டது. 2011இல் தியாகராஜன் குமாரராஜாவின் 'ஆரண்ய காண்டம்'. அதில் ரவுடித் தலைவன் வயது போன, உடம்பு ஒத்துழைக்காத, அதை மறைக்க ஆத்திரப்படுகிற ஒரு மனிசன். ஆம்பிளையள் எல்லாரும் ஆளை ஆள் வெட்டிக்கொண்டிருக்க, அந்த வீட்டில் அடைபட்டுக் கிடந்த பெண் எல்லாரையும் விடக் கெட்டித்தனமாக வெளியேறுகிறாள். தணிக்கைச் சபை 50க்கு மேற்பட்ட வெட்டுகள் கேட்டது, படக்குழு மேன்முறையீட்டுக்குப் போனது. தேசிய விருது கிடைத்தும் தியேட்டரில் படம் ஓடவில்லை.

2013 மே மாதம் வந்த நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' ஓடியது. நலனும் கார்த்திக் சுப்பராஜும் கலைஞர் ரி.வி.யின் 'நாளைய இயக்குனர்' குறும்பட நிகழ்ச்சியால் வெளிச்சத்துக்கு வந்தவர்கள். பெரிய நட்சத்திரமும் பெரிய காசும் இல்லாமல் கதை சொல்லப் பழகினவர்களுக்கு மாஸ் கதாநாயகன் தேவைப்படவில்லை. 'சூது கவ்வும்' படத்தின் தாஸ் ஆள் கடத்துகிறவன். அதற்கு ஐந்து விதிகள் வைத்திருக்கிறான், அதிகாரத்தில் இருக்கிறவர்களின் மேல் கை வைக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத காதலி ஒருத்தியோடு கதைத்துக்கொண்டு திரிகிறான். வேலை இல்லாத மூன்று பெடியள் அவனோடு சேருகிறார்கள். ஒரு மந்திரியின் மகனைக் கடத்தி அந்த விதியை மீறுகிறார்கள். கடைசியில் நேர்மையான மந்திரி கட்சிக்குத் தேவையில்லாதவர் ஆகிறார். கள்ளத்தனம் தெரிந்த மகனுக்குத்தான் அரசியலில் இடம் கிடைக்கிறது. கள்ளருக்குள் தாஸ்தான் பாவம் எண்டு நினைக்க வைத்துவிட்டுப் படம் முடிகிறது.

அடுத்த வருசம் 'ஜிகர்தண்டா'. அதன் முடிவில் சேது நடிகன் ஆகிவிடுகிறான், சேதுவிடம் மாட்டுப்பட்டிருந்த இயக்குனர் ஆட்களை வைத்து மிரட்டிக் காரியம் பார்க்கிறவன் ஆகிறான். சிரிப்பு ஒருத்தனிடமிருந்து வாளை வாங்கி மற்றவனின் கையில் கொடுத்துவிட்டது.

பகிடி பிழைக்கிற இடம்

இனிக் கசப்பான பகுதி. நையாண்டியாக எடுத்ததை நையாண்டியாகத்தான் சனம் எடுக்கும் எண்டு இல்லை.

1983இல் பிரையன் டி பல்மா 'ஸ்கார்ஃபேஸ்' படத்தைத் திரும்ப எடுத்தார். பழைய படத்தின் ஹோக்ஸுக்கும் கதை எழுதின பென் ஹெக்ட்டுக்கும் அதைக் காணிக்கை ஆக்கினார். அல் பசினோவின் ரொனி மொன்ரானா, மேசையில் மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கிற கொக்கெயினுக்குள் முகத்தைப் புதைக்கிற ஒருத்தன். பேராசையின் கேலிச்சித்திரம். ஆனால் அந்தக் கேலிச்சித்திரம் போஸ்டராகி இளைஞர்களின் படுக்கையறைச் சுவர்களில் ஏறியது. ஹிப்ஹொப் பாடகர்கள் பலருக்கு அவன் வழிகாட்டி ஆனான். ஒன்றுமில்லாமல் வந்து இறங்கின அகதி ஒருத்தன் எல்லாத்தையும் பிடிச்சான் என்பதைத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த முதல் பாதிதான்.

2024இல் மலையாளத்தில் 'ஆவேசம்' வந்தது. பெங்களூரில் படிக்கிற மூன்று மாணவர்கள், சீனியர்களிடம் அடி வாங்கின கோபத்தில் ஒரு உள்ளூர் ரவுடியைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஃபகத் ஃபாசிலின் ரங்கா உடம்பெல்லாம் நகை போட்ட, அன்புக்கு ஏங்குகிற ஒரு குழந்தை மாதிரி. பாதிப் படத்துக்குப் பிறகுதான் அந்தக் குழந்தையின் கையில் என்ன இருக்கிறது என்று மாணவர்களுக்கு விளங்குகிறது. படம் பகிடியாகத் தொடங்கிப் பயத்தில் கொண்டுபோய் விடுகிறது. ரீல்ஸில் ஓடினது பகிடியும் ஆட்டமும்தான். அதே வருசம் கேரளத்தில் உண்மையான ரவுடி ஒருவரின் கொண்டாட்டம், அந்தப் படத்தின் பாணியில் வெட்டி ஒட்டின வீடியோவாகப் பரவிச் செய்தியானது.

அதற்கு முதல், 2018 பெப்ரவரியில் சென்னைக்குப் பக்கத்தில் மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் விழாவைப் பொலிஸ் சுற்றி வளைத்துப் பெருந்தொகையானோரைப் பிடித்தது. அங்கே கேக் வெட்டினது அரிவாளால். இதை ஒரு இயக்குனர் எடுத்திருந்தால் ஓவர் என்று சொல்லியிருப்போம். ஆர் ஆரைப் பார்த்துப் பழகுகிறார்கள் என்று பிரிக்க ஏலாத இடம் இது.

எங்கட ஒழுங்கைக்கு வந்தால்

எங்கட ஊரில் இதற்குப் பழைய சொல் இருக்கிறது: சண்டியன். அந்தச் சொல்லுக்குள்ளேயே கொஞ்சம் பகிடி இருக்கு. கள்ளுக் கொட்டிலில் சத்தம் போடுகிறவன், தேர்தல் நேரம் ஆருக்காவது பின்னால் நிற்கிறவன், பெண்சாதிக்கு முன்னால் வாய் திறக்காதவன். ஊர் அவனுக்குப் பயப்பிடும், பின்னால் சிரிக்கும். பிறகு வந்த பல வருசங்களில் ஆயுதம் வைத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற நிலைமை ஒருத்தருக்கும் இருக்கவில்லை. ஆயுதம் தெருவில் நின்ற காலத்தை வடிவாக நினைவில் வைத்திருக்காத தலைமுறை நாங்கள். எங்களில் பலருக்குத் துவக்கும் வாளும் முதலில் திரையில்தான் அறிமுகம். பெரியாக்கள் சிரிக்காத இடத்தில் நாங்கள் சிரிக்கிறதுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

2010களில் 'ஆவா' என்ற பெயர் யாழ்ப்பாணச் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தது. வாள்வெட்டு என்ற சொல் பத்திரிகையில் வானிலை மாதிரி ஒரு பகுதியாகிவிட்டது. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஒரே விளக்கம்: தென்னிந்தியப் படம் பார்த்துப் பெடியள் கெட்டுப் போச்சினம். 1934இல் அமெரிக்காவில் சொன்னதுதான். ஆனால் அதே படங்களைப் பார்த்த ஆயிரக்கணக்கான பெடியள் வாள் எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்கு வாள் ஆர் அடித்துக் கொடுத்தது, பிணை ஆர் எடுத்தது, வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிப் பழிவாங்கச் சொன்னது ஆர் என்ற கேள்விகள் படத்தைக் குற்றம் சாட்டினவுடன் நின்றுபோகின்றன. 2016இல் அமைச்சர் ஒருவரே அந்தக் குழுவின் பின்னால் முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்பு இருந்ததாகப் பகிரங்கமாகச் சொன்னார். அந்தத் தரப்பு மறுத்தது. உண்மை எதுவாக இருந்தாலும், 'படம் பார்த்துக் கெட்டவர்கள்' என்ற ஒரு வசனத்துக்குள் இது அடங்காது.

சினிமாவுக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தபோது எங்களுக்கு ஒரு வித்தியாசம் தெரிந்தது. சில படங்கள் சண்டியனைப் பகிடி பண்ணி, அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்களையும் காட்டுகின்றன. பிரெஹ்ட்டின் வியாபாரிகள், 'சூது கவ்வும்' படத்தின் கட்சி எல்லாம் அப்படி. 2023இல் வந்த 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. கிளின்ட் ஈஸ்ட்வூட்டைக் கும்பிடுகிற ரவுடியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கின நாங்கள், கடைசியில் காட்டில் பழங்குடி மக்களை அரசாங்கமே கொல்லுவதையும் அதைக் கமரா பதிவு செய்வதையும் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் இருந்தோம். வேறு சில படங்களில் சிரிப்பு கீழேதான் விழுகிறது. அடி வாங்குகிற அடியாள், தலை சீவப்படுகிற பெயரில்லாதவன். தலைவனுக்கு ஒன்றும் ஆகாது, அவனுக்கு விசில்.

இரண்டு வகையிலும் இல்லாத ஒன்றைத்தான் எங்கட தோழி கேட்டவள் எண்டு இப்ப விளங்குகிறது. கேற் கொத்தப்பட்ட வீடு எந்தப் படத்திலும் இல்லை. ரவுடியைப் புகழுகிற படமும் ரவுடியைப் பகிடி பண்ணுகிற படமும் அவனோடுதான் மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகின்றன. உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கிற ஆக்களோடு கமரா ஒருநாளும் இருந்ததில்லை.

இதை அவளிடம் சொன்னோம். அவள் யோசித்துவிட்டு, "சேது தியேட்டரில இருக்கிற சீன் எனக்குப் பிடிச்சது. எங்கட வீட்டுக்கு வந்தவங்களையும் அப்பிடி ஒருக்கா இருத்திப் பாக்கவேணும்" என்றாள். பிறகுதான் சிரித்தாள்.

அடுத்த மாதம் 'ஆரண்ய காண்டம்' போடுகிறோம். அதற்குப் பிறகு எங்கட ஆக்கள் இரண்டு பேர் குறும்படம் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கினம். கதை முழுக்க ஒரு வீட்டுக்குள், ஒரு இரவு. வெளியில் நிற்கிறவர்களின் முகம் கடைசிவரை தெரியாது. பகிடிப் படமாகத்தான் எழுதப் பார்க்கினம். வருமோ தெரியாது.